குழந்தை அழுதால் இறங்கும் முள்

குழந்தை அழும்போதெல்லாம் மீட்டர் முள் இறங்கியது. அழுகை ஓய்ந்தும் முள் உடனே ஏறவில்லை. குழந்தை தூங்கி வெகுநேரம் ஆன பிறகுதான், யாரும் தொடாமலே, பழைய இடத்துக்குப் போய் நின்றது. இதை மாணிக்கவாசகம் கண்டது 1957 ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி வாக்கில். கண்ணால் பார்த்தும் அவரால் நம்ப முடியவில்லை. பட்டறையில் தகடு வெட்டுகிற மெஷினுக்கும், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் கிடக்கிற மூன்று மாதக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அதுவும் அவர் வாயால் வந்த சம்பந்தம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மாணிக்கவாசகம் பிறந்தது மலாக்காவிலிருந்து ஜாசின் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டுகிற கத்தி அவர் கைக்குப் படியவில்லை. இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பற்படைத் தளத்தில் சேர்ந்தார். அங்கே இரும்பு வெட்டும் பகுதியில் போட்டார்கள். இரண்டு குழாய், ஒரு பித்தளைத் துப்பாக்கி, அதன் நுனியில் நீலநெருப்பு. ஒரு விரற்கடைக் கனமுள்ள கப்பல் தகட்டை அந்த நெருப்பு பூசணிக்காய் மாதிரி பிளந்துகொண்டு போவதைப் பார்த்த அன்றைக்கே, செய்தால் இந்த வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணால் வெட்டுகிறவன் அரைவாசி வேலைக்காரன், காதால் வெட்டுகிறவன்தான் முழு வேலைக்காரன் என்பது அவர் கட்சி. நல்ல வெட்டு, புதுத்துணி கிழிகிற மாதிரி சத்தம் போடும். கெட்ட வெட்டு, சோறு பொங்குகிற மாதிரி சத்தம் போடும். கேட்டதும் கையை நிறுத்தவேண்டும்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து, மனைவி சிவகாமசுந்தரியின் ஊரான மலாக்காவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அங்கே காஜா பேராங்கில் காதர் மைதீன் புதிதாகப் பட்டறை போட்டிருந்தார். காதர் மைதீனின் வாப்பா காலத்திலிருந்தே ஜாலான் பெண்டஹாராவில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. கப்பற்படைத் தளத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது ஆசையில் ஒரு மெஷினை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அதை ஓட்டத் தெரிந்தவர் மலாக்காவில் யாரும் இல்லை என்று தெரிந்தது. மாணிக்கவாசகம் வந்து நின்றார். மெஷினோடு பழகியவர் என்பதால், பெயர், ஊர் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார் காதர் மைதீன்.

அது கையால் பிடித்து வெட்டுகிற சாதனம் இல்லை. மேலே ஒரு அச்சுத் தகடு பொருத்தவேண்டும். காந்தம் ஏறிய ஒரு சிறு சக்கரம் அந்த அச்சின் விளிம்பை ஒட்டிக்கொண்டு தானாக உருளும். அது உருள்கிற வழியெல்லாம் கீழே நெருப்பும் அதே வழியில் போகும். அச்சு வட்டமென்றால் வட்டம், மீன் என்றால் மீன். பார்க்க வருகிறவர்கள், உள்ளே ஆள் இருக்கிறானா என்று குனிந்து பார்ப்பார்கள்.

கப்பற்படைத் தளத்துத் தமிழ் ஆட்கள் சாமான்களுக்கெல்லாம் தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கறுப்புத் தோம்பில், அதாவது ஆளுயர இரும்பு உருளையில், அடைத்து வருவது ஆக்சிஜன். வெள்ளைக்காரத் துரை, அதை அந்தப் பெயரால்தான் சொல்லவேண்டும் என்று நாளுக்கு ஒருமுறை கத்துவார். அவர் முதுகு திரும்பியதும் அது 'காத்து' ஆகிவிடும். மலாய்க்காரர்கள் அங்கின் என்றார்கள், அதுவும் காற்றுதான். 'காத்தைத் திற', 'காத்தைக் கூட்டு', 'காத்து தீந்துபோச்சு.' வாய்க்கு வசதியாக இருந்தது. மலாக்காவுக்கு வரும்போது மாணிக்கவாசகம் அந்தப் பேச்சையும் கூடவே கொண்டுவந்தார். காஜா பேராங் பட்டறையில் முதலாளி முதல் லோரி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அது காத்துதான்.

அந்த வருஷம் ஊரே, நாடு சுதந்திரம் அடையப்போகிற ஆகஸ்டு முப்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாலான் பெண்டஹாராக் கடைக்காரர்கள் கூடி, ஒவ்வொரு கடை முகப்பிலும் புதுக்கொடியில் உள்ள மாதிரி பிறையும் பதினோரு முனை நட்சத்திரமும் தகட்டில் வெட்டித் தொங்கவிடுவதென்று பேசி முடித்தார்கள். காதர் மைதீன் எழுந்து, "அது என் மெஷின் வேலை" என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, மெஷின் கப்பல் தகட்டுக்குச் செய்தது. நட்சத்திரமோ பிஸ்கட் டின்னைவிடச் சற்றே தடித்த தகடு. ஒற்றைத் தகடாக வைத்து வெட்டினால் அப்பளம் எண்ணெயில் விழுந்த மாதிரி நெளியும், வெட்டின விளிம்பு உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். மாணிக்கவாசகத்துக்கு வழி தெரியும். பன்னிரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் கனத்த தகடு வைத்து, நாலு பக்கமும் இறுக்குவளையால் காற்றுப் புகாமல் நெருக்கி, ஒரே கட்டியாக வெட்டவேண்டும். நெருப்புக்கு அது கப்பல் தகடுதான். வெட்டி முடித்து வளையைக் கழற்றினால் பன்னிரண்டு நட்சத்திரமும் சீட்டுக்கட்டு மாதிரி பிரியும்.

திங்கட்கிழமை இரண்டு கட்டு வெட்டினார். இருபத்து நாலும் பிரிந்தன. முனைகளைத் தடவிப் பார்த்த காதர் மைதீன், "கத்தி கூட இப்புடி வராது" என்றார்.

அன்று மத்தியானம்தான் விஜயா வந்தாள். சிவகாமசுந்தரியின் தம்பி சேதுராமன் ஆறு மாதமாகப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். தோம்பு மாற்றுவது, குழாய் இணைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. முப்பது வயது, வேலையில் சுத்தக்காரன். அவன் மனைவி விஜயா தாய் வீட்டில் பிள்ளை பெற்று, மூன்று மாதக் குழந்தை சந்திரமதியோடு அன்றுதான் பட்டறைக்குப் பின்னாலிருந்த மாணிக்கவாசகத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பட்டறைக்கும் அந்த வீட்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும். மேலே தகரக் கூரை. அவருடைய மகளைச் சிரம்பானில் கட்டிக்கொடுத்த பிறகு சத்தமில்லாமல் கிடந்த வீடு அது. குழந்தை வந்த அன்றைக்கு மாணிக்கவாசகம் மூன்றுமுறை வேலையை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சேதுராமன் பக்கத்தில் வந்து நின்றான். அவர் நட்சத்திர அச்சின் ஒரு முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ள ஒரே புழுக்கம். புள்ளைக்கு வேர்க்குரு கிளம்பிருச்சு. கொஞ்சம் காத்து விட்டுக்கலாமா?"

"விடு மாப்ளே. இதையும் என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்கிற."

"இல்ல, உங்க மெஷினுக்கு இடைஞ்சலா இருக்குமோன்னு."

"புள்ளையைவிட மெஷினு பெருசா? நல்லாத் தாராளமா விடு."

சுவரில் ஒரு பலகையைக் கழற்றப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார். பலகையைக் கழற்றினால் பட்டறைப் புகை உள்ளே போகுமே, நாளைக்குச் சொல்லவேண்டும் என்றும் நினைத்தார். மறுநாள் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைக் காலை வெட்டிய கட்டைக் கழற்றினால், மேலே ஐந்து நட்சத்திரம் ஒழுங்காகப் பிரிந்தன. கீழே ஏழும் ஒன்றோடொன்று உருகி, ஒரே இரும்புக் கட்டியாகக் கிடந்தன. உளி வைத்து அடித்தும் பிரியவில்லை. இரண்டாவது கட்டும் அப்படியே.

காதர் மைதீன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்னா மாணிக்கம், நட்சத்திரம் கேட்டா அடுக்கடுக்கா ரொட்டி சானாய் சுட்டு வச்சிருக்கே."

"நாளைக்குச் சரியாயிரும் முதலாளி."

"சால்னா கொண்டாரச் சொல்லவா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். மாணிக்கவாசகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. திங்களன்று வெட்டியதும் அதே கை, அதே மெஷின்.

முதலில் நெருப்பு வருகிற மூக்கைக் கழற்றி, மெல்லிய கம்பி விட்டுத் துளைகளைச் சுத்தம் செய்தார். பிறகு மூக்கையே மாற்றினார். புதன்கிழமை, வேகம்தான் தப்போ என்று சக்கரத்தின் ஓட்டத்தைக் குறைத்தார், கூட்டினார். குறைத்தால் இன்னும் உருகியது. கூட்டினால் பாதி வழியில் நெருப்பு இரும்பைக் கவ்வாமல் நழுவியது. முனை திரும்புகிற இடத்தில் காந்தச் சக்கரம் தயங்குகிறதோ என்று பதினோரு முனையையும் மறுபடி ராவினார். சக்கரத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துணியால் துடைத்தார். ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. வெட்டு துணி கிழிகிற சத்தத்தோடுதான் தொடங்கும். நடுவில் என்னவோ ஆகி, சோறு பொங்க ஆரம்பிக்கும். சில சமயம் தானாகவே மறுபடி கிழியும். இதுதான் அவரை அதிகம் கலக்கியது. கெட்டுப்போன சாமான் கெட்டுப்போனதாகவே இருக்கவேண்டும். இது கெட்டுப்போவதும் நல்லதாவதுமாக இருந்தது.

வியாழக்கிழமை, சனிக்கிழமைவரை வரவேண்டிய கறுப்புத் தோம்பு மதியத்திலேயே தீர்ந்துபோனது. அப்போதே அவருக்கு உறைத்திருக்கவேண்டும். எங்கோ கசிகிறது என்றுதான் நினைத்தார். சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, தூரிகையால் இணைப்புக்கு இணைப்பு தடவினார். கசிந்தால் குமிழி வரும். எங்கும் குமிழி வரவில்லை. தோம்புகளுக்குப் பின்னால் வெயில் படாமல் இருக்கத் தொங்கவிட்டிருந்த சாக்குத் துணிவரை கையை நீட்டித் தடவினார். சாக்கை விலக்கிப் பார்க்கவில்லை. விலக்கிப் பார்த்திருந்தாலும் குமிழி வந்திருக்காது. அந்த இணைப்பு அவ்வளவு கச்சிதமாகச் செய்யப்பட்டிருந்தது.

அன்று சாப்பிடும்போது சிவகாமசுந்தரியிடம், "எனக்குக் காது மந்தமாயிருச்சு போல" என்றார்.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. நாலு நாளா யார் என்ன சொன்னாலும் ம்ம்முனு சொல்றீங்க. கேக்குறதே இல்ல" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மெஷினைப் பார்க்காமல், தோம்புத் தலையில் இருந்த மீட்டரைப் பார்த்து உட்கார்ந்தார். சிவகாமசுந்தரி கோயிலுக்குப் போயிருந்தாள். சேதுராமன் வாசலில் லோரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். மெஷின் தானாக வெட்டிக்கொண்டிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டது. முள் இறங்கியது. மெஷின் பொங்க ஆரம்பித்தது.

தற்செயல் என்று நினைத்தார். குழந்தை அடங்கிற்று. முள் ஏறவில்லை. வெகுநேரம் கழித்து ஏறியது. மறுபடி அழுகை, மறுபடி முள் இறக்கம். அவர் எழுந்து மெஷினை நிறுத்தினார், நெருப்பை அணைத்தார். இப்போது பட்டறையில் காத்து குடிக்க ஒரு சாமானும் இல்லை. ஆனால் முள் இறங்கின இடத்திலேயே நின்றது. காதைத் தோம்பின்மேல் வைத்தார். உள்ளே மெல்லிய ஓட்டம் கேட்டது.

சாக்கைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் பளபளவென்று புது மூன்றுவழிப் பித்தளை இணைப்பு. ஒரு வழி தோம்புக்கு, ஒரு வழி மெஷினுக்கு. மூன்றாவதில் ஒரு ரப்பர் குழாய், பலகையின் ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. கம்பி மூன்று சுற்று சுற்றி, முனையை மடக்கி விட்டிருந்தது. அப்படித்தான் சுற்றவேண்டும் என்று சேதுராமனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

'கொஞ்சம் காத்து விட்டுக்கலாமா?' 'நல்லாத் தாராளமா விடு.'

மாணிக்கவாசகத்தின் கை மட்டும் தானாகப் போய்த் தோம்பின் வால்வை அடைத்தது. உடம்பில் மற்ற எதுவும் அசைய மாட்டேன் என்றது. ஏனென்றால் அவருக்குத் தெரியும். இந்தப் பட்டறையில் வேறு யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும்.

சிங்கப்பூரில், சண்டைக்கு முந்திய வருஷம். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் தேவதாஸ் என்கிற ஆள் வெட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாணிக்கவாசகம் மேலே தொட்டியின் வாயருகே நின்றார். உள்ளே அடுப்புச் சூடு. "செத்த நேரம் காத்து வாங்கிக்கிறேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. குழாயைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பீடி பற்றவைத்தான். ஆக்சிஜன் ஊறின துணி, பொறி பட்டால் எரிவதில்லை, வெடிக்கிற மாதிரி போய்விடும். தொட்டி வாய் வழியாக மேலே வந்த வெளிச்சம் மஞ்சளாக இல்லை. வெள்ளையாக இருந்தது. கத்துகிற நேரம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. பீடியால் வந்த வினை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாணிக்கவாசகமும் அப்படியே சொன்னார். சொல்லிச் சொல்லி அதை நம்பவும் செய்தார்.

பலகைக்கு அந்தப் பக்கம் விஜயாவின் குரல் கேட்டது. "காத்து நின்னு போச்சாடி செல்லம்? இரு, அப்பாகிட்டச் சொல்றேன். அம்மா போய்க் கனல் எடுத்துட்டு வந்துர்றேன்."

வெள்ளிக்கிழமை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாள். குளித்த குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டவேண்டும். தொட்டிலுக்குக் கீழே கனல் சட்டியை வைத்து, பொடியைத் தூவி, துணிக்குள் புகை ஏறும்படி ஆட்டுவார்கள்.

மாணிக்கவாசகம் ஓடினார். பட்டறையைச் சுற்றிக்கொண்டுதான் பின்பக்கம் போகமுடியும். அந்த அறைக்கு அந்த ஒரு வாசல்தான். முக்கால்மணி நேரமாக அந்த மூடின அறையில் ஆக்சிஜன் ஓடியிருக்கிறது. வால்வை அடைத்தால் புதிதாக வராதே தவிர, வந்தது எங்கே போகும்? சேலைத் தொட்டிலில் ஊறியிருக்கும். பாயில் ஊறியிருக்கும். குழந்தையின் சட்டையில், தலைமுடியில்.

அவர் பட்டறை மூலையில் திரும்பியபோது விஜயா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். இரண்டு கையிலும் மண்சட்டி. கனல் சிவந்து கிடந்தது. 'நெருப்பைக் கீழே போடு' என்று கத்த வாயெடுத்தார். வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான், பத்தொன்பது வருஷமாக நாக்கில் உட்கார்ந்திருந்த சொல்.

"காத்து."

விஜயா திரும்பிப் பார்த்தாள். "காத்தாண்ணே? அடங்கித்தான் கிடக்கு. கனலு பறக்காது" என்று சொல்லி மற்ற காலையும் உள்ளே எடுத்து வைத்தாள்.

வாசலோரம் கூரைக்குக் கீழே, குழந்தை குளித்து மிஞ்சின தண்ணீர் அகலப் பாத்திரத்தில் இருந்தது. அதைத் தூக்கி அவள்மேலேயே வீசினார். சட்டி கை நழுவி விழுந்து உடைந்தது. கனல் புஸ்ஸென்று அவிந்தது. எல்லாம் அவியவில்லை. நெல்லிக்காய் அளவு ஒரு துண்டு, ஈரம் படாமல் தப்பி உள்ளே உருண்டது. தரையில் குழந்தையின் துணி ஒன்று கிடந்தது. கனல் அதன் ஓரத்தைத் தொட்டது.

துணி எரிந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது, இல்லை. நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம். அதே வெளிச்சம். பாயின் விளிம்பு ஒரு முழத்துக்குப் போய்விட்டது. அதற்குள் சிதறின தண்ணீர் ஓடிவந்து நனைத்தது. மாணிக்கவாசகம் வெறுங்காலால் அந்தக் கனலை மிதித்துக்கொண்டே தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டார். குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்து, ஜம்பு மரத்தைத் தாண்டி, வேலிவரை ஓடிய பிறகுதான் நின்றார்.

குழந்தை அழவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விஜயா பின்னாலேயே வந்து அவர் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தாள். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. குழந்தையின் கை, கால், காது, தலை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டுச் சேதுராமன் ஓடி வந்தான்.

"என்னா மாமா? என்னாச்சு?"

மாணிக்கவாசகம் அறைப்பக்கம் கையைக் காட்டினார். தொட்டில் கயிற்றில் கட்டியிருந்த ரப்பர் குழாயின் முனையும், குழந்தை அழுதால் விஜயா திறந்துவிட்டு, நன்றாகத் தூங்கிய பிறகு மூடுகிற சின்னத் திருகும் தெரிந்தன. கொசு வலைத் துண்டு ஒன்றைக் குழாயின் வாயில் சேதுராமன் அழகாகக் கட்டியிருந்தான், காற்று வேகமாகக் குழந்தை முகத்தில் அடிக்காமல் இருக்க.

"அத யாரு மாட்டினது?" என்றார் கடைசியில்.

"நான்தான். திங்கக்கிழமையே உங்ககிட்டக் கேட்டேனே."

"அது காத்து இல்லடா."

"பின்ன என்னா? நீங்கதானே காத்துன்னு சொல்லுவீங்க. காத்துத் தோம்பை மாத்து, காத்துக் குழாயை இழுத்துக் கட்டு. ஆறு மாசமா வேற பேரு நான் கேட்டதே இல்லையே மாமா."

அவன் சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதனால்தான் மாணிக்கவாசகத்துக்குத் தாங்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து, தேவதாஸ் கதையை முதன்முதலாக வாய்திறந்து சொன்னார். தொட்டியின் வாய், குரல், பீடி, வெளிச்சம். சொல்லும்போது அவர் மிதித்த காலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. சேதுராமன் கேட்டுக்கொண்டே இருந்தவன், தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான், அந்தக் கம்பியைச் சுற்றின கைகளை.

விஜயா தலையைத் தூக்கினாள். "அண்ணே, அந்த ஆளும் காத்துன்னுதான் சொன்னாரா?"

"ஆமா."

"அது தெரிஞ்சும் நீங்க அதே பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் எழுந்து நொண்டிக்கொண்டே அறைப்பக்கம் போனார்.

அன்று சாயங்காலம்வரை வீட்டில் யாரையும் அடுப்பு மூட்ட விடவில்லை. கதவைத் திறந்து போட்டார். தொட்டில் சேலையையும் பாயையும் மரக்கிளையில் காயப்போட்டார். கோயிலிலிருந்து வந்த சிவகாமசுந்தரி, திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கணவரின் காலைத் தூக்கி மடியில் வைத்து மருந்து தடவினாள். விஜயா குழந்தையோடு பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் தாய் வீடு இருக்கிற தோட்டத்துக்கே திரும்பிவிடுவதாகச் சேதுராமனிடம் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை மூன்றுவழி இணைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டு வெட்டினார். தொடக்கம் முதல் முடிவு வரை துணி கிழிகிற சத்தம். முள் அசையவில்லை. வளையைக் கழற்றினதும் பன்னிரண்டும் பிரிந்தன. காதர் மைதீன் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதான் மாணிக்கம். எங்கே இருந்துச்சு கோளாறு?"

"என் வாயில இருந்துச்சு முதலாளி" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

காதர் மைதீன் நட்சத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா" என்றார் மெல்ல. "போன வாரம் கடையில புழுக்கமா இருக்குன்னு, ஒரு பழைய காத்துத் தோம்பு அனுப்பி வைன்னு நானே உன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

பதினோரு மணிக்கு விஜயா வந்தாள். துணிமணி எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்று மாணிக்கவாசகம் மெஷினை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் வீட்டுப்பக்கம் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக் கூரைக்கு வெளியே, நிழல் முடிகிற இடத்தில் நின்றாள். உள்ளே வர அவளுக்குக் கால் வரவில்லை.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அவுரு இங்கதான் வேலை செய்யணும்ங்குறாரு. எனக்கு வேற போக்கு இல்ல. ஆனா இங்க இருக்கிறது என்னென்னன்னு தெரியாம, நான் அந்தப் பலகைக்குப் பின்னால புள்ளையைப் போட்டுத் தூங்க மாட்டேன்."

"சரி."

"செல்லப் பேரெல்லாம் வேணாம். அதுஅதுக்கு என்ன பேரோ, அது என்ன பண்ணுமோ, அதைச் சொல்லுங்க."

அவர் கறுப்புத் தோம்பைக் காட்டி ஆக்சிஜன் என்றார். அவள் ஆக்சிஜன் என்று திருப்பிச் சொன்னாள். எண்ணெய்க் கையால் தொடக்கூடாது, துணியில் படக்கூடாது, பக்கத்தில் கனல் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சேதுராமன் சுண்ணாம்புக் கட்டியால் தோம்பின் கழுத்தில் அந்தப் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதினான்.

விஜயா பார்வையை நகர்த்தினாள். மூலையில், கல்லில் தண்ணீர் விட்டு எரிவாயு உண்டாக்குகிற இரும்புத் தொட்டி நின்றது. "அது? நேத்து காலையில அவுரு 'பூண்டு குறைஞ்சிருச்சு, கொஞ்சம் பூண்டு போடணும்'னு சொன்னாரே."

மாணிக்கவாசகமும் சேதுராமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாயு பூண்டு மாதிரி நாறும். அதனால் வாயுவுக்கும் அதைத் தருகிற கல்லுக்கும் அந்தப் பேர். அதைக் கேட்கிற வெளியாள் நிஜப் பூண்டு என்றே நினைக்கலாம் என்பது இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை.

"சமையலுக்குன்னு நினைச்சேண்ணே" என்றாள் விஜயா. "அந்தத் தொட்டிக்குப் பக்கத்து டின்னுல இருக்குற கல்லுல ரெண்டு நேத்தே எடுத்து இடிச்சுப் பார்க்கலாம்னு அடுப்படிக்குக் கொண்டு போனேன். வாசனை வந்துச்சு. அடுப்பு மேடையிலதான் வச்சிருக்கேன்."

சேதுராமன் கேட்டு முடிக்கும் முன்னே அடுப்படிக்கு ஓடினான். மாணிக்கவாசகம் நொண்டிக்கொண்டே அவள் நின்ற இடத்துக்கு வந்து, நிழலுக்கு வெளியே வெயிலில், அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். குழந்தை கையை நீட்டி அவர் தலைமுடியைப் பிடித்தது.

"அது பேரு கார்பைட் கல்லு" என்றார். "அதுல தண்ணி பட்டா வர்றது அசிட்டிலீன். நெருப்பைப் பார்த்தாப் போதும், அது நிக்காது."

"அசிட்டிலீன்" என்றாள் விஜயா, ஒவ்வோர் எழுத்தாக. பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த டின்களில் முதலாவதைக் காட்டினாள்.

"இது?"